உப்புக்காற்றில் இரண்டு சிட்டி

மண்டபத்தில் இருக்கும் என் மச்சான் பழைய ஹோண்டா சிட்டி தேடுகிறார். "2000-லேர்ந்து 2003 வரைக்கும் வந்த 1.5 விடெக் எடுக்கவா, அதுக்கு அடுத்து வந்த மாடல், டால்ஃபின்னு சொல்றாங்களே, அதை எடுக்கவா?" என்று கேட்டார். மனசைக் கேட்டால் விடெக். காந்தத்தைக் கேட்டால் பதில் மாறும்.

முதலில் எஞ்சின். விடெக்கில் 106 குதிரைத்திறன்; டால்ஃபினின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் 77. இரண்டும் 1.5 லிட்டர்தான். டவுனுக்குள் விடெக் சாதுப்பிள்ளை. சுழற்சி ஏற ஏற வால்வைத் தள்ளும் கேம் மாறி, வால்வுகள் கூடுதலாகத் திறக்கும். வண்டியின் குரலே வேறாகிவிடும். உச்சிப்புளி தாண்டி ரோடு காலியாகக் கிடந்தால் கால் தானாக அழுத்தும். டால்ஃபினில் அந்த ஆட்டம் கிடையாது. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்து, பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்கென்றே செய்த எஞ்சின் அது. பின்னால் டால்ஃபினிலும் 100 குதிரைத்திறன் விடெக் வந்தது. டால்ஃபின்தான் என்றால் நான் அதைத்தான் தேடுவேன்.

ஸ்டீயரிங்கும் அப்படித்தான். பழையதில் ஹைட்ராலிக், ரோடு கைக்குத் தெரியும். டால்ஃபினில் எலக்ட்ரிக், லேசாகச் சுற்றும், ஒன்றும் சொல்லாது. ஆனால் குடும்பத்தோடு ஏர்வாடி, ராமேஸ்வரம் போவதென்றால் டால்ஃபின்தான். பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டதால் பின்னால் காலை நீட்டலாம். பழைய சிட்டி தாழ்வு வேறு. ஆள் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடிக்க வேண்டும்.

சரி, துருவுக்கு வருவோம். கடல் காற்று பாதி தின்னும்; மீதியை நாமே தின்னக் கொடுக்கிறோம். இங்கே பல ஊர்களில் போர் தண்ணி உப்பு, அதிலேயே காரைக் கழுவுகிறோம். சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவின் அடி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், இவைதான் முதலில் போகும். நான் வாங்கிய விடெக் பளபளவென்று இருந்தது. இரண்டாவது மழையில் பின்சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் உப்பியது. குத்திப் பார்த்தால் உள்ளே தகரமே இல்லை, முழுக்க ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி. அன்றிலிருந்து துணியில் சுற்றிய காந்தம் இல்லாமல் பழைய வண்டி பார்க்கப் போவதில்லை. பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

பழைய விடெக்கில் வால்வுகளை நேரம் பார்த்துத் திறக்க வைப்பது டைமிங் பெல்ட், ரப்பர். ஷெட்டிலேயே நின்ற வண்டி என்றாலும் ரப்பருக்கு வயசாகும். வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும். டால்ஃபினில் செயின், அந்தக் கவலை இல்லை. 15 வருஷம் தாண்டியதால் இரண்டுக்கும் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மச்சானிடம் இப்படித்தான் சொன்னேன்: டிஎன் 65, அதாவது நம்ம ராமநாதபுரம் பக்கத்து வண்டியே வேண்டாம், மதுரை, தேனிப் பக்கம் ஓடிய விடெக் கிடைத்தால், ஷெட் போட்டு நல்ல தண்ணியில் கழுவ முடியும் என்றால், அதை எடுங்கள். முடியாதென்றால் டால்ஃபின்.

போன வாரம் பரமக்குடியில் ஒரு டால்ஃபின் பார்த்துவிட்டு போன் செய்தார். டிக்கியில் காந்தம் ஒட்டவில்லையாம்.