18,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது ஒரு திருகாணி

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனையின் பெரிய பலகை: ‘இம்பிளாண்ட் 18,000 ரூபாய் மட்டுமே’. பக்கத்தில் முத்துப் போல ஒரு முழுப் பல்லின் படம். கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு வருடமாக ஓட்டையோடு இருந்த நான், அந்தப் படத்தை நம்பி உள்ளே போனேன்.

முதல் நாளே ஸ்கேனுக்கு 2,500 தனியாக வாங்கினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுகிறது. எலும்பின் உயரமும் அகலமும் தெரியாமல் துளை போடக் கூடாது. 18,000 கட்டியதும் டைட்டானியத் திருகாணியை இறக்கி, ஈறை மூடித் தைத்து, நான்கு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பும் நியாயமானதே. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர நாளாகும். ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க் 1952-இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியாமல் திண்டாடியதில்தான் இந்த வைத்தியமே பிறந்தது.

நான்கு மாதம் கழித்துப் போனால், வரவேற்பு மேசையில் ஒரு தாளை நீட்டினார்கள். அபட்மெண்ட் 7,000. கேப் 14,000.

“பலகையில் 18,000 என்றுதானே இருந்தது?”

“அது இம்பிளாண்டுக்கு சார்.”

எலும்புக்குள் இருக்கும் திருகாணிக்கு மட்டுமே இம்பிளாண்ட் என்று பெயராம். அதன் மேல் பூட்டி ஈறுக்கு வெளியே நிற்கும் குட்டித் தூண் அபட்மெண்ட். அதற்கு மாட்டும் பல் வடிவ உறைதான் கேப். சொல்லுக்குச் சொல் சரி. படத்தில் பளபளத்தது மட்டும் கேப். நான் முறைத்ததைப் பார்த்த மேலாளர், “யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா?” என்றார். அவர்கள் பொருள் என் தாடைக்குள் வேர்விட்ட பிறகு நான் எங்கே போய்ப் பேரம் பேசுவது? ஆகமொத்தம் 41,500 ரூபாய்.

எட்டாம் மாதம் கேப் ஆட ஆரம்பித்தது. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்ற அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அதுவும் இம்பிளாண்டுக்கு மட்டும்தானாம்! கோபத்தில் வேறொரு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “திருகாணி உறுதியாக இருக்கிறது, அபட்மெண்டைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கிறது” என்றார். மனம் குளிர்ந்தது. அடுத்த கேள்வி: “எந்தக் கம்பெனி?”

கம்பெனிக்குக் கம்பெனி உள்பூட்டு மாறும், ஸ்க்ரூவும் மாறும், அதைத் திருகும் கருவியும் மாறுமாம். இம்பிளாண்ட் வரும் பெட்டியில் கம்பெனி பெயர், விட்டம், நீளம், லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதற்கான எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கோப்பில் ஒட்டி, இன்னொன்றை நோயாளியிடம் தர வேண்டும் என்றார். என் கோப்பில் இருந்தது ‘இம்பிளாண்ட் – 46’. கம்பெனியின் குறியீடோ என்று ஆவலாகக் காட்டினேன். அது அந்தப் பல்லின் எண்ணாம்.

பல் கட்டப் போகிறவர்கள் ஸ்கேன், திருகாணி, அபட்மெண்ட், கேப், தாடையில் எலும்பு போதாவிட்டால் எலும்பு வைப்பது என ஒவ்வொன்றுக்கும் விலையைத் துளை போடும் முன்பே எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கர் கைக்கு வராமல் நாற்காலியை விட்டு இறங்காதீர்கள்.

பழைய இடத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். “பழைய ஸ்டாக் சார், பார்த்துச் சொல்கிறோம்” என்கிறார்கள். அதுவரை இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறேன்.