வில்லுக்கும் விரலுக்கும் ஒரே டபுள் பேஸ்: ஐந்து வருட அனுபவம்

ஐந்து வருடமாக என்னிடம் இருப்பது ஒரே டபுள் பேஸ், வயலின் குடும்பச் சாயலில் ஆளுயரத்துக்கு நிற்கும் தாழ்சுருதிக் கருவி. முக்கால் அளவு, தந்தி நீளம் 105 செ.மீ. ஆர்கெஸ்ட்ராவுக்கும் இதுதான், ஜாஸுக்கும் இதுதான். வில் போட்டாலும் விரலால் மீட்டினாலும் உடம்பு வலிக்காமல் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் நான் விரும்பியது. அதற்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

முதல் இரண்டு வருடம் தந்திகளையே மாற்றிக்கொண்டிருந்தேன். கம்பிகளை முறுக்கிய ஸ்டீல் மையம் கொண்ட தந்தி போட்டேன். மீட்டினால் ஸ்வரம் நின்று முழங்கியது. வில் வைத்தால் மிகத் தடித்த இ தந்தியில் முதலில் கரகரப்பு, அதன் பிறகுதான் ஒலி. சரி என்று மென்மையான செயற்கை மையத் தந்திக்கு மாறினேன். வில் உடனே பிடித்தது, ஆனால் வேகமாக மீட்டும்போது தந்தி துவண்டு விரல்பலகையில் (விரலால் தந்தியை அழுத்தும் நீண்ட பலகை) அடித்தது. அப்புறம் இன்னொரு செட். மூன்றிலும் மாறாமல் இருந்தது இடது கை வலி மட்டும்தான். அதுவும் கழுத்தின் மேல் முனையில், எஃப், பி பிளாட் ஸ்வரங்களைப் பிடிக்கும் இடத்தில்தான் அதிகம். அந்த இடத்தை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

கருவி சரிசெய்பவர் முதலில் பார்த்தது நட்டைத்தான், அதாவது கழுத்தின் மேல் முனையில் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் சிறு கட்டையை. அங்கே தந்திக்கும் விரல்பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி போதும் என்றார். என் கருவியில் மூன்று கார்டு நுழைந்தது. நட்டின் பள்ளங்களை அராவி இறக்கியதும் ஒரே வாரத்தில் கை மாறிவிட்டது. தந்திக்குச் செலவழிக்கும் முன் எல்லோரும் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

அடுத்தது விரல்பலகை. அது தட்டையாக இருக்கக் கூடாது. நீளவாக்கில் நடுவில் லேசான குழிவு வேண்டும். தடித்த இ தந்தி அகலமாக ஆடுவதால் அந்தப் பக்கம் குழிவு சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். என்னுடையதில் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு அருகே மேடு தட்டியிருந்தது. தந்தியை இறக்கும்போதெல்லாம் இரைந்ததற்குக் காரணம் அதுதான். பலகையை இழைத்துச் சீராக்கிய பிறகுதான் உயரத்தைக் குறைக்கவே முடிந்தது.

விரல்பலகையின் முடிவில் அளந்தால், ஆரம்பத்தில் மிக மெல்லிய ஜி தந்தி பலகையிலிருந்து 8 மி.மீ. உயரம், இ தந்தி 12 மி.மீ. முதலில் ஜியை 4.5 வரை இறக்கினோம். மீட்டுவதற்குச் சுகமாக இருந்தது, ஆனால் பலமாக வில் போட்டால் இ தந்தி பலகையைத் தட்டியது, மீட்டும் ஒலியும் மெலிந்துபோனது. கடைசியில் ஜி 5.5, இ 8.5 என்று நின்றது. இரண்டு வருடமாக அதில்தான் வாசிக்கிறேன். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையின் வளைவையும் அப்போதே சரிபார்த்தோம். வளைவு தட்டையாகிவிட்டால், டி தந்தியில் அழுத்தி வில் போடும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலிக்கும்.

குதிரைக் கால்களில் உயரத்தை ஏற்றி இறக்கும் திருகு, அதாவது அட்ஜஸ்டர் போட்டிருக்கிறேன். வில்லுக்கு ஏற்றுவது, விரலுக்கு இறக்குவது என்று சில மாதம் செய்து பார்த்தேன். அது வேண்டாம். உயரம் மாறினால் தந்தியின் விறைப்பும் மாறுகிறது, கை பழக நாள் பிடிக்கிறது. இப்போது பருவத்துக்குத்தான் திருப்புகிறேன். ஈரக்காற்றில் குதிரை நிற்கும் உடலின் மேல்பலகை உப்பித் தந்தி உயரும், வறண்டால் தாழும். பெரும்பாலும் அரைச் சுற்று போதும், இரண்டு காலுக்கும் ஒரே அளவு.

தந்தி கடைசியில் ஹெலிகோர் ஹைபிரிட், வில்லுக்கும் விரலுக்கும் பொதுவான ரகம், நடுத்தர இழுவிசை. முதல் செட்டின் முழக்கமோ இரண்டாவதின் வில் பிடிப்போ முழுதாக இதில் இல்லை. ஆனால் ஒரே மாலையில் இரண்டையும் வாசிக்கும் எனக்கு இதுதான் நிம்மதி. மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்றுகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் உள்ளே ஒட்டாமல் அழுத்தத்தில் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடலாம்.

கருவியைத் தரையில் ஊன்றும் கம்பியான எண்ட்பின்னை 3 செ.மீ. உயர்த்தியதும் முதுகு நிமிர்ந்தது. நட் புருவ மட்டத்தில் இருக்க வேண்டும் என்பார்கள், தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் இடுப்பை வளைக்காமல் நிற்கும்போது வில் விரல்பலகைக்கும் குதிரைக்கும் நடுவே தானாக வந்து உட்காருகிறதா என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன்.

தினமும் செய்வது ஒன்றுதான்: உலர்ந்த துணியால் தந்தியைத் துடைப்பது. விரலின் எண்ணெய்ப்பசை வில் படும் இடத்துக்குப் போனால் வில் வழுக்கும். வில்லில் பூசும் பிசினான ரோசின் மேலே ஏறினால் மீட்டும் விரல் ஒட்டும்.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கழுத்தின் கோணம் கருவிக்குக் கருவி மாறும். ஆனால் சரிசெய்பவரிடம் போகும்போது வில்லையும் எடுத்துப்போய், இரண்டு விதமாகவும் அங்கேயே பலமாக வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை நான் வில் இல்லாமல் போனேன். அந்த 4.5 மி.மீ. அப்படி வந்ததுதான்.