இரண்டு லட்சத்துக்குள் பழைய கார்: ஐ10, ஸ்விஃப்ட் டீசல், ஃபிகோ டீசல் – எது எப்படிச் செலவு வைக்கும்?

தங்கை வீட்டுக்காரர் போன வாரம் மூன்று கார்களின் படத்தை அனுப்பி, "மச்சான், இதுல எது?" என்று கேட்டார். 2010 ஹூண்டாய் ஐ10 பெட்ரோல், 2012 மாருதி ஸ்விஃப்ட் டீசல், 2012 ஃபோர்டு ஃபிகோ டீசல். மூன்றுக்கும் சொல்லும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். "வாங்குற விலையை விடுங்க மாப்பிள்ளை, அடுத்த ரெண்டு வருஷத்துல அது என்ன கேக்கும்னு பாருங்க" என்றேன். ஐ10 கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி கேட்கும். ஸ்விஃப்ட் டீசல் ரொம்ப நாள் வாயைத் திறக்காது, திறந்தால் பெரிய தொகை. ஃபிகோ காசைவிட நாட்களைத்தான் அதிகம் கேட்கும்.

கீழே வரும் தொகையெல்லாம் வெளி மெக்கானிக்கிடம் லேபரோடு சேர்த்து ஆகக்கூடிய தோராயக் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னும் கூடும்.

ஐ10-ல் முதலில் கேட்க வேண்டியது, எந்த இன்ஜின் என்பதைத்தான். 2007-ல் வந்தது 1.1 லிட்டர்; அதில் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டை. அடுத்த வருடம் வந்த 1.2 கப்பா இன்ஜினில் அதே வேலைக்கு டைமிங் செயின். 1.1 வாங்கினால், பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லாதபட்சத்தில் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். நான்கைந்தாயிரத்தில் முடிகிற வேலை. ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்றும்படி ஆகிவிடும்.

அடுத்தது ஸ்டீரிங். எலெக்ட்ரிக் மோட்டார் உதவியோடு திரும்பும் ஸ்டீரிங் இது. வண்டியை நிறுத்தி வைத்து இடம் வலமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால், மோட்டாரோடு சேர்ந்த சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கலாம். அந்த ரப்பரின் விலை சில நூறுதான், ஆனால் ஸ்டீரிங் தண்டைக் கீழே இறக்க வேண்டும் என்பதால் கூலி அதைவிடப் பல மடங்கு. சிலர் முழு ஸ்டீரிங் தண்டையே மாற்றச் சொல்லி இருபதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் நீட்டுவார்கள். உடனே தலையாட்டாதீர்கள், இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். ஸ்டீரிங் விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் அது எரியும்.

ஏ.சி. கூலிங் காயில் ஓட்டையானால் டேஷ்போர்டைக் கழற்றி வேலை பார்த்து முடிக்க ஆறிலிருந்து ஒன்பதாயிரம் ஆகும். கிளட்ச் செட் ஆறு முதல் எட்டாயிரம். முன் ஷாக் அப்சார்பர் ஜோடிக்கு ஐந்து, ஆறு. அந்தக் காலத்துக் கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் எரிபொருள் ஹோஸ்களையும் ரப்பர் சீல்களையும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்விஃப்ட் டீசலின் 1248 சி.சி. இன்ஜின் ஃபியட்டின் வடிவமைப்பு. அதே இன்ஜின் ரிட்ஸிலும் புன்டோவிலும் இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. அதனால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் சின்ன ஊரிலும் கிடைப்பார், உதிரிபாகமும் கிடைக்கும். இதன் பெரிய பலம் அதுதான். தலைவலி இரண்டு. "செயின்தானே, ஆயுசுக்கும் வரும்" என்று நம்பி, ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றிய வண்டிகளில் டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தளர்ந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி 'கரகர' என்று கேட்டால் பன்னிரண்டு முதல் பதினைந்தாயிரம் எடுத்து வையுங்கள். செயின் பல் தாண்டிவிட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, டீசல் சிஸ்டம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் புதிதாக ஒன்று வாங்கினாலே பத்தாயிரத்தைத் தாண்டும், இருப்பதோ நான்கு. டர்போ போனால் இருபதுக்கு மேல். இவற்றோடு ஒப்பிட்டால் ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) கிளீனிங், சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் எல்லாம் சில்லறை.

ஓடோமீட்டரில் 90 ஆயிரம் கிலோமீட்டர் என்றிருப்பதை நம்பி டீசல் வண்டி வாங்காதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அது வேறு கதை சொல்லும்.

மூன்றில் ஓட்ட எனக்குப் பிடித்தது ஃபிகோதான். அந்த ஹைட்ராலிக் ஸ்டீரிங்கின் கனமும், நெடுஞ்சாலையில் அது நிலத்தைப் பிடிக்கும் விதமும் மற்ற இரண்டிலும் இல்லை. மறைமலை நகரில் செய்த கார். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் அத்தோடு நின்றுவிடவில்லை. ஃபில்டர், பிரேக் பேட் எளிதாகக் கிடைக்கும். கதவுப் பூட்டு, வயரிங், பம்பர் என்றால் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்து, இல்லையென்றால் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டியிருக்கும். 1.4 டீசலில் டைமிங் பெல்ட் உண்டு, அதன் வயதைக் கேளுங்கள். பெடலை மிதித்ததும் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கிளட்ச் மாற்றும்போதே அதையும் சேர்த்து மாற்றினால் பத்து, பதிமூன்றாயிரத்துக்குள் முடியும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதையே பூட்டினால் இன்னொரு முறை அதே கூலி. 2013-ல் பின் சக்கரங்களை இணைக்கும் ட்விஸ்ட் பீம், பவர் ஸ்டீரிங் ஹோஸ் தொடர்பாக ஃபிகோக்களைத் திரும்ப அழைத்தார்கள். பார்க்கிற வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுவார். ஐ10 லிட்டருக்கு 14 கிலோமீட்டர், ஸ்விஃப்ட் 18, பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 1,650 ரூபாய் டீசலில் மிச்சம், வருடத்துக்கு இருபதாயிரம். இரண்டு இன்ஜெக்டர் போனால் அந்த வருட மிச்சம் காலி. மாதம் 1,500 ஓடுபவருக்கு வருடம் 37 ஆயிரம் மிஞ்சும். அவர் தைரியமாக ஸ்விஃப்ட் பக்கம் போகலாம். ஃபிகோ, வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவருக்கு.

அந்த ஐ10 கப்பா இன்ஜின்தான். ஆனால் 2010 மாடல் என்பதால் 15 வருடம் முடிந்துவிட்டது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000. பசுமை வரி தனி. புதுப்பித்த ஆர்.சி.யைக் கையில் கொடுத்தால்தான் சொன்ன விலை, இல்லையென்றால் அதற்குத் தக்கபடி குறையுங்கள் என்று பேசியாயிற்று.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பார்க்கப் போகிறோம். ஓனரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: நாங்கள் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துவிடாதீர்கள்.