காஃப்காவுக்கு எந்த கன்சோல்? இணைப்பையும் லாக்கையும் வைத்து ஓர் ஒப்பீடு

காஃப்கா என்பது நிரல்களுக்கிடையே போகும் மெசேஜ்களை டாபிக் எனப்படும் வரிசைகளில் சேமித்துக் கொடுக்கும் மென்பொருள். அதன் சர்வர்கள் புரோக்கர்கள், அவற்றின் கூட்டம் கிளஸ்டர், அதை உலாவியில் பார்க்க உதவும் கருவி கன்சோல். காஃப்கா கன்சோல் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது திரை அழகாக இருக்கிறதா, டாபிக்கில் கிடக்கும் மெசேஜைத் தேட முடிகிறதா என்பதைத்தான். அதில் இன்று பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. கிளஸ்டர் இணைப்பை எங்கே எழுதி வைக்கிறோம், இணைப்பு கிடைக்காதபோது லாக் என்ன சொல்கிறது, இந்த இரண்டில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படுகிறது. ஏகேஎச்கியூ, காஃப்கா யூஐ, ரெட்பாண்டா கன்சோல் மூன்றையும் அப்படிப் பார்க்கலாம். யாஹூவில் பிறந்த சிஎம்ஏகே என்ற கன்சோலை விட்டுவிடுகிறேன். அது கிளஸ்டரை ஒருங்கிணைக்கும் ஜூகீப்பர் என்ற தனி மென்பொருளை நம்பி இருப்பது. 2025இல் வந்த காஃப்கா 4.0இல் ஜூகீப்பரே கிடையாது.

ஏகேஎச்கியூவில் எல்லாமே ஒரு யாமல் (அமைப்புகளை எழுதும் உரை வடிவம்) கோப்பு. ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஒரு பெயர், அதன் கீழே பூட்ஸ்ட்ராப் சர்வர் (முதலில் தொடர்புகொள்ளும் புரோக்கரின் முகவரி) முதலான ப்ராப்பர்ட்டிகள். அவை அப்படியே காஃப்காவோடு பேசும் ஜாவா கிளையண்டுக்குப் போய்ச் சேரும். அதனால் காஃப்கா ஆவணத்தில் உள்ள கிளையண்ட் அமைப்பு எதையும் இங்கே எழுதலாம். இதற்கென்று தனி மொழி கற்க வேண்டாம். மெசேஜின் வடிவத்தைப் பதிந்து வைக்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியும், வெளி அமைப்புகளோடு தரவை இணைக்கும் கனெக்ட்டும் அதே பெயரின் கீழ் வந்துவிடும். புது கிளஸ்டர் சேர்த்தால் கோப்பைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது நிறைதான்: கோப்பு கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் இருக்கும், யார் எப்போது மாற்றினார் என்பது தெரியும். பாஸ்வேர்டை மட்டும் கோப்பில் வைக்காமல் சூழல் மாறியில் (இயக்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) வைத்துக்கொண்டால் போதும்.

காஃப்கா யூஐ சூழல் மாறிகளிலேயே ஓடிவிடும். கிளஸ்டருக்கு 0, 1 என்று எண் கொடுத்துப் பெயரையும் முகவரியையும் எழுதினால் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் கம்போஸில் உடனே எழுந்து நிற்கும். சொந்தக் கணினியில் சோதிக்க இதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் கிளஸ்டர்கள் ஏழெட்டு ஆனால், ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து அந்தப் பட்டியலைப் படிக்கவே முடியாது. அப்போது இதிலும் யாமலுக்கு மாறிவிடுவது நல்லது. டைனமிக் கன்ஃபிக்கை இயக்கினால் திரையிலிருந்தே கிளஸ்டர் சேர்க்கலாம். கவர்ச்சியான வசதிதான், ஆனால் அமைப்பு கன்டெய்னருக்குள் ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது. வெளியே நிலைக்கும் சேமிப்பிடமான வால்யூமை இணைக்காவிட்டால் கன்டெய்னரோடு அதுவும் போய்விடும். உள்நுழைவுக் கட்டுப்பாடு இல்லாமல் இதை இயக்கினால் திரையைத் திறக்க முடிந்த எவரும் இணைப்பை மாற்றலாம். ப்ரொடக்‌ஷனில் நான் இயக்க மாட்டேன்.

ரெட்பாண்டா கன்சோல் வேறு ரகம். முன்பு கௌல் என்ற பெயரில் இருந்ததை காஃப்காவுக்கு ஈடான தளத்தைத் தரும் ரெட்பாண்டா நிறுவனம் 2022இல் வாங்கியது. அப்பாச்சி காஃப்காவோடும் வேலை செய்யும். ஒரு கன்சோலுக்கு ஒரு கிளஸ்டர்தான். டெவ், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன் என்று மூன்று இருந்தால் கன்சோலும் மூன்று. கோ மொழியில் எழுதியது என்பதால் ஜாவா ப்ராப்பர்ட்டிகளைக் காப்பி செய்து ஒட்ட முடியாது. ஜாவாவில் உள்நுழைவு விவரங்களை எழுதும் நீளமான ஜாஸ் வரி வேண்டாம். பயனர் பெயர், பாஸ்வேர்டு, மெக்கானிசம் தனித்தனி. டிஎல்எஸ் (குறியாக்கப்பட்ட இணைப்பு) சான்றிதழ் பெம் என்ற உரைக் கோப்பாகத்தான் வேண்டும், ஜாவாவின் ஜேகேஎஸ் ட்ரஸ்ட்ஸ்டோர் உதவாது. மற்ற இரண்டும் ஜேகேஎஸ் எடுக்கும். ஜாவா கிளையண்ட் 2.7இலிருந்து பெம்மும் எடுக்கும். உரிமமும் வேறு: மற்ற இரண்டும் அப்பாச்சி 2, இது சில பயன்பாடுகளைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்எல்.

இனி லாக். ஏகேஎச்கியூவும் காஃப்கா யூஐயும் பயன்படுத்தும் ஜாவா கிளையண்டின் லாக்கைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ‘நோட் மைனஸ் 1’ உடன் இணைக்க முடியவில்லை என்று வந்தால், நாம் கொடுத்த பூட்ஸ்ட்ராப் முகவரியையே எட்டவில்லை: முகவரி, போர்ட், ஃபயர்வாலைப் பாருங்கள். கன்டெய்னருக்குள்ளிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பதும் இங்கேதான் மாட்டும். அதே வரியில் உண்மையான புரோக்கர் எண் வந்தால் கதை வேறு. முதல் இணைப்பு கிடைத்துவிட்டது. புரோக்கர் திருப்பிச் சொன்ன முகவரிதான் எட்டவில்லை. கன்சோலில் எதைத் திருத்தியும் பயனில்லை, புரோக்கர் தன் முகவரியாக அறிவிக்கும் அட்வர்டைஸ்டு லிசனர்ஸைத்தான் சரிசெய்ய வேண்டும். டிஎல்எஸ் போர்ட்டுக்கு டிஎல்எஸ் இல்லாமல் போனால் ஜாவா கிளையண்ட் நினைவகம் போதவில்லை என்றுகூடப் புலம்பலாம்: புரோக்கரின் டிஎல்எஸ் பதிலில் உள்ள பைட்டுகளை அது மெசேஜின் அளவு என்று எடுத்துக்கொள்கிறது. அதை நம்பி ஹீப்பை (ஜாவாவுக்கான நினைவக ஒதுக்கீட்டை) கூட்டாதீர்கள்.

இந்த ஜாவா கன்சோல்கள் இரண்டிலும் சிக்கல் எழும்போது லாக்கை விரிவாக எழுதும் டீபக் லெவலுக்குப் போவது எப்படி என்பதில்தான் ஏகேஎச்கியூ முந்துகிறது. 28081 போர்ட்டில் இருக்கும் லாகர்ஸ் எண்ட்பாயிண்டுக்கு ஒரு போஸ்ட் (HTTP POST) கோரிக்கை அனுப்பினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே லெவல் மாறும். அவ்வப்போது மட்டும் வந்து போகும் பிரச்சினைக்கு இது பெரிய உதவி, ரீஸ்டார்ட் செய்தால் அறிகுறியே மறைந்துவிடுமே. அந்தப் போர்ட்டை வெளியே திறந்து வைக்காதீர்கள், அவ்வளவுதான். காஃப்கா யூஐயில் வழக்கமான வழி சூழல் மாறியை மாற்றி ரீஸ்டார்ட் செய்வது. இதில் ஒரு பொறி உண்டு. ப்ரொவெக்டஸ் தொடங்கிய திட்டம் இப்போது காஃப்பாட் என்ற பெயரில் தொடர்கிறது. பேக்கேஜ் பெயரும் மாறியதால் பழைய கம்போஸ் கோப்பில் உள்ள லாக் லெவல் மாறி பிழை காட்டாமல் சும்மா இருந்துவிடும்.

ரெட்பாண்டா கன்சோல் லாக்கை ஜேசன் (JSON) வடிவில் எழுதுவதால் லாக் சேகரிப்பானுக்குள் பாகுபடுத்தல் விதி எழுதாமலே போய்விடும். தொடங்கும்போதே புரோக்கரைத் தொட்டுப் பார்க்கும். சில முயற்சிகளுக்குப் பிறகும் கிடைக்காவிட்டால் வெளியேறிவிடும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் பாட் (அங்கே கன்டெய்னர் ஓடும் அலகு) திரும்பத் திரும்ப எழுவதைப் பார்த்தே விஷயம் புரியும். காஃப்கா யூஐ எழுந்து நின்று கிளஸ்டர் ஆஃப்லைன் என்று காட்டும். பல கிளஸ்டர்களுக்கு அதுதான் சரி, ஒன்று விழுந்ததற்காக மற்றவற்றின் கன்சோலும் போகக் கூடாது.

ஆகவே பல கிளஸ்டர்களைப் பராமரிக்கும் குழுவுக்கு ஏகேஎச்கியூ, சொந்தக் கணினிக்குக் காஃப்கா யூஐ, ஒரே பெரிய கிளஸ்டரும் ஒழுங்கான லாக் அமைப்பும் இருந்தால் ரெட்பாண்டா கன்சோல் என்பேன். யார் டாபிக்கை அழித்தார் என்ற கேள்வி உங்கள் இடத்தில் அடிக்கடி எழுமானால் காஃப்கா யூஐயின் ஆடிட் வசதியையும் கணக்கில் எடுங்கள். அது செயல்களை ஒரு காஃப்கா டாபிக்கிலோ லாக்கிலோ எழுதும். இயல்பாக மாற்றங்களை மட்டும்தான் பதியும், யார் எதைப் படித்தார் என்பதும் வேண்டுமானால் அதைத் தனியாக இயக்க வேண்டும்.