உப்புக் காற்றில் ஒரு கியரில்லாத சைக்கிள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

2022இல் பெற்றோல் வரிசை கொழும்பின் காலி வீதி (Galle Road) நெடுக நீண்டு கிடந்த காலத்தில் வாங்கிய சைக்கிள் இது. இரும்புச் சட்டம், கியர் இல்லை, முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர். குறுக்குக் கம்பி தாழ்ந்த வகை என்பதால் சுடிதாரோடும் சுலபமாக ஏறலாம். வேலைக்குப் போய்வரத்தான் வாங்கினேன். பெற்றோல் திரும்பக் கிடைத்ததும் எங்கள் மாடிக்கட்டிடத்தில் பல சைக்கிள்கள் படிக்குக் கீழே ஒதுங்கிவிட்டன. என்னுடையது இன்னும் ஓடுகிறது என்றால் அதற்கு மச்சாள்தான் காரணம்.

மச்சாளிடம் 7 கியர் உள்ள அலுமினியச் சட்டச் சைக்கிள். மார்கழி பிறந்தால் மாசி நடுப்பகுதி வரை, லீவு நாட்களில் விடியமுன் இருவரும் வெளிக்கிட்டுவிடுவோம். இரண்டு சைக்கிளும் ஒரே வீதியில், ஒரே காற்றில் ஓடியிருப்பதால் ஒன்றோடொன்று வைத்துச் சொல்ல முடிகிறது.

கொழும்பில் குளிரா என்று கேட்பார்கள். தை மாதத்தில் பகல் 31 பாகை வரை ஏறினாலும் விடியப்புறம் 22 அளவுக்கு இறங்கிவிடும். அந்த நேரம் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், பகலில்தான் திசை மாறும். கடலோர வீதியான மெரைன் டிரைவில் தெற்கிருந்து வடக்காகப் போகும்போது ஒவ்வொரு ஒழுங்கை வாயைக் கடக்கையிலும் வலப்பக்கம் சில்லென்று அடிக்கும். காதும் விரல் நுனியும் நன்றாகவே குளிரும். மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று போதும், ஜாக்கெட் போட்டால் பம்பலப்பிட்டி வரமுன்னே வேர்த்துவிடும். "நீர் முன்னுக்குப் போம், நான் உமக்குப் பின்னால ஒதுங்கி வாறன்" என்பார் மச்சாள். காற்றுக்கு முகம் கொடுப்பது என் வேலை. பங்குனி வந்தால் இந்தக் குளிர் போய்விடும். காலையே புழுங்கும், பின்னேரம் இடிமழை.

இனிச் சைக்கிள். கடலோரத்தில் சைக்கிளைத் தின்பது ஓட்டம் இல்லை, உப்பு. மெரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். அலைத் தூவலில் வரும் உப்பு படிந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருப்பதற்குச் சமம். முதலில் போனது பெல் மூடி, அப்புறம் கூடையின் ஆணிகள், கரியர் நட்டுகள், கம்பிகள் றிம்மோடு சேரும் இடங்கள். சட்டத்தில் பெயின்ற் உரிந்த இடத்தில்தான் துரு. உரிந்ததும் தொட்டுப் பூசிவிட்டால் அங்கேயே நிற்கும்.

அலுமினியம் என்றால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். மச்சாளின் சட்டம் துருப்பிடிக்கவில்லை, ஆனால் இரும்பு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். சீற் தண்டு சட்டத்துக்குள் இறுகிப்போகும் ஆபத்தும் இப்படித்தான் வருகிறது. இடைக்கிடை வெளியே எடுத்து, துடைத்து, கிறீஸ் பூசிப் போடுவது இரண்டு சைக்கிளுக்கும் அவசியம்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான்: வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது, பிறகு காய்ந்த துணி. செயினுக்கு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு ஒயில், சுற்றவிட்டு வெளியே உள்ளதைத் துடைத்துவிடுவது. வெளியே ஒயில் மிஞ்சினால் மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டு அரத்தைப் போல் பல்லைத் தேய்க்கும். செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். கண்ணிகளை இணைக்கும் ஊசி ஒன்றின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னொரு ஊசியின் நடுவில் சரியாக விழ வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். தாமதித்தால் முன் பல்சக்கரமும் பின்சில்லில் உள்ள பிறீவீலும் சேர்ந்து போகும், செலவு பல மடங்கு.

கியர் தேவையா? காலி முகத்திடல் பக்கம் போவதற்கு வேண்டியதே இல்லை, முழுக்கச் சமதரை. பாமன்கடை, நாவலை வழியாகத் தியவன்னா ஓயா நீர்நிலைக்குப் போகும் நாட்களில் ராஜகிரியவில் 2018இல் திறந்த மேம்பாலத்தில் ஏறினால் மச்சாள் கியரை இறக்கி இருந்தபடியே மிதிக்கிறார், நான் எழும்பி நின்று மிதிக்கிறேன். வித்தியாசம் அந்த ஓர் ஏற்றத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கியர்க் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, மழைக்காலத்தில் மாற மறுத்து, அவரைப் பல தடவை திருத்துபவரிடம் அனுப்பியிருக்கிறது.

என் சைக்கிளில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது பிறேக். குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் றப்பர்க் கட்டை வழுக்கும். அதே பாலத்தில் ஈரத்தில் இறங்கும்போது மச்சாள் நிற்கும் இடத்தில் நான் நிற்பதில்லை. அலுமினிய றிம்மும் நனையும், ஆனாலும் பிடிக்கிறது. 100, 101 இலக்க பஸ்கள் நிறுத்தத்துக்காகத் திடீரென்று இடப்பக்கம் வெட்டும் காலி வீதியில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இருவரும் ஒருவர்பின் ஒருவராகத்தான் போவோம். முன்னால் போகிறவர் பள்ளம், வடிகானின் இரும்பு மூடி, கதவு திறக்கும் கார் எல்லாவற்றையும் கையால் காட்ட வேண்டும்.

தியவன்னாக் கரையில் இலைக்கஞ்சி குடித்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்வதைப் பார்ப்போம். தனியாக என்றால் அந்த நேரத்தில் நான் படுக்கையை விட்டு எழும்பியிருக்கவே மாட்டேன். விலை கூடிய சைக்கிளைவிட, வாசலில் வந்து பெல் அடிக்கும் ஓர் ஆள் முக்கியம் என்றுதான் சொல்வேன்.

சட்டத்திலும் கியரில்லாத ஓட்டத்திலும் எனக்குக் குறையே இல்லை. இனி இரண்டு றிம்மையும் அலுமினியத்துக்கு மாற்றப் போகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய் றிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, வேறு சைக்கிளைக் காட்டச் சொல்லுங்கள்.