பழைய துவக்கு வைத்திருக்கிறவர்கள் திருத்தக் கொடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

லைசன் கொப்பியைக் கேட்காமல் துவக்கை வாங்கிக்கொண்டு போகிற ஆளிடம் துவக்கைக் கொடுக்காதீர்கள். சொல்ல வந்தது அவ்வளவுதான், அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம். நேரமிருக்கிறவர்களுக்கு, எங்கள் பெரியப்பா 74 வயதில் பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு பகல் முழுக்கக் குந்தியிருந்த கதையைச் சொல்கிறேன். துவக்கைத் திருத்த ஒரு ஆளைத் தேடிக் கொடுத்தது நான். அதனால்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் வயல் பாவற்குளத்துப் பக்கம், காட்டோரக் காணி. காலபோகத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கினால் ஒரே இரவில் அரை ஏக்கரைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போகும். யானைக்கு யானைவெடி, பன்றிக்குத் துவக்கு. எங்கள் துவக்கு அப்பு காலத்துச் சாமான், பேர்மிங்ஹாமில் செய்த 12 போர் இரட்டைக்குழல். ஒரு இறாத்தல் ஈயத்தைப் 12 சம உருண்டையாக உருட்டினால் அதில் ஒன்று சரியாகப் போகிற வாய்தான் 12 போர். பள்ளிக்கூடம் போக முதலே பெரியப்பா எனக்குச் சொல்லித் தந்த கணக்கு அது. சண்டைக் காலத்தில் அந்தத் துவக்கு பல வருசம் பொலிசில் ஒப்படைபட்டுக் கிடந்தது. அதைத் திரும்ப எடுக்க அவர் கச்சேரிக்கும் பொலிசுக்கும் கிராம சேவகரிடமும் நடந்த நடையில் சேர்ந்த கடதாசிகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். எல்லாக் கடதாசியிலும் ஒரே ஐந்து இலக்க எண் இருக்கும். துவக்கில் வெட்டியிருக்கிற எண் அது.

இரண்டு மாரிக்கு முதல் வயல் காவல் பரணால் இறங்கும்போது ஏணிப்படி முறிந்து பெரியப்பா விழுந்தார். அவருக்கு முழங்கையில் உரசல்தான். துவக்குக்குத்தான் பிடங்கின் கழுத்து, அதாவது பின்மரத்தில் கை பிடிக்கிற ஒடுங்கின இடம், நீளத்துக்கு வெடித்துவிட்டது. மனுசன் அதைச் சணல் கயிற்றால் வரிந்து கட்டி, வெறும் யூரியாப் பையில் சுற்றி மூலையில் சாத்தி வைத்திருக்கிறார். யூரியா ஈரத்தை இழுக்கும் என்பது வயல் செய்கிற ஆளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வைத்தார். மாரி கழிந்து எடுத்தபோது குழல் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தது.

அந்த நேரம்தான் நான் பேஸ்புக்கில் ஒரு ஆளைக் கண்டேன். வேறு மாவட்டம். பழைய வாள், பழைய மணிக்கூடு, பழைய துவக்கு எல்லாம் ‘புதுசு போலச் செய்து தரப்படும்’ என்று போட்டிருந்தார். வேலைக்கு முன் ஒரு படம், வேலைக்குப் பின் ஒரு படம். பின் படங்களில் எல்லாம் கண்ணாடி மாதிரி மினுக்கம். இப்போது அதே படங்களைப் பெருப்பித்துப் பார்க்கிறேன், ஒன்றில்கூட இரும்பில் வெட்டின எழுத்து ஒழுங்காகத் தெரியவில்லை. அப்போது எனக்கு மினுக்கம் மட்டும்தான் தெரிந்தது.

அறுபதாயிரம் கேட்டார். நாற்பது முற்பணம், இருபது வேலை முடிந்த பிறகு. “நீங்கள் அலையத் தேவையில்லை அண்ணை, நானே வான்ல வந்து எடுக்கிறன்” என்றார். வந்தார். துவக்கை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி வானில் போட்டார். பெரியப்பா பிஸ்கட் டின்னைத் திறந்து லைசன் கொப்பி ஒன்றை நீட்ட, “அதெல்லாம் தேவையில்லை ஐயா, எனக்கு ஆக்களைத் தெரியும்” என்று சிரித்தார். துண்டு இல்லை, ரசீது இல்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இரண்டு கிழமை என்று சொன்னவர் மூன்று மாதத்தால் கொண்டு வந்தார். விரிப்பை அவிழ்த்ததும் அம்மா, பெரியம்மா, பிள்ளைகள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குழல் மைக்கறுப்பில் பளபளத்தது. பிடங்கு தேன் நிறத்தில் வார்னிஷ் வழிய வழிய இருந்தது. “இனி எந்தத் தோட்டாவும் அடிக்கலாம்” என்று சொல்லிவிட்டு மிச்சக் காசைக் கேட்டார். பெரியப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. துவக்கைக் கழற்றி, குழல் இரண்டையும் ஒரு விரலில் கொளுவித் தொங்கவிட்டு, மற்றக் கை நகத்தால் சுண்டினார்.

இந்தச் சுண்டலை நான் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குழல் கோயில் மணி மாதிரி ‘ணங்’ என்று நின்று ஒலிக்கும். அன்றைக்கு ‘சட்’ என்றது, உள்ளுக்குள் ஏதோ கிலுகிலுத்தது. வெடித்த சட்டியைத் தட்டின மாதிரி.

“மிச்சத்தைப் பிறகு தாறம்” என்று பெரியப்பா சொன்னார். ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

பிறகு நாங்கள் இருந்து பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் கழன்றது. பிடங்கின் கழுத்தில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்தது. வார்னிஷுக்குக் கீழே மரம் இல்லை, காருக்குப் பூசுகிற பட்டி. வெடிப்புக்குள் பசை போகவே இல்லை, மேலால் பட்டி அடைத்து மரநிறம் பூசியிருக்கிறது. அந்த இடம் துவக்கு வெடிக்கும்போது கன்னத்துக்கும் கைக்கும் நடுவில் வருகிற இடம். பிடங்கின் மரத்தை மெசினால் தேய்த்த தேயில் கைப்பிடியில் இருந்த சின்னச் சின்னக் கட்டம் கட்டமான செதுக்கல் காணாமல் போயிருந்தது. மரம் இரும்பை விடத் தாழ்ந்துபோய், இரும்பின் ஓரம் கையைக் கீறியது. முன்பு மரமும் இரும்பும் ஒரே தோல் மாதிரி, கை வைத்தால் எங்கே மரம் முடிகிறது என்று தெரியாது.

வருசக் கடைசியில் லைசன் புதுப்பிக்க வேண்டும். துவக்கு லைசன் டிசம்பர் 31 வரைக்கும்தான். பொலிசில் துவக்கைக் காட்டப் போனோம். ஆயுதப் பொறுப்பில் இருந்தவர் ஒரு சிங்கள சார்ஜன்ட், ஓரளவு தமிழ் பேசுவார். டோச் அடித்து அடிப்பக்கம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு டோச்சை மேசையில் வைத்துவிட்டு, “ஐயா, நம்பர் எங்க?” என்று கேட்டார்.

நம்பர் இல்லை. மினுக்குகிற சில்லில் பிடித்துத் தேய்த்த தேயில் எண்ணும் போய், அதற்குப் பக்கத்தில் பேர்மிங்ஹாமில் அடித்த சோதனை முத்திரைகளும் போய்விட்டன. 1813இல் இருந்து அந்த ஊரில் துவக்குக் குழல்களை அளவுக்கு மிஞ்சின மருந்து போட்டு வெடித்துப் பார்த்து முத்திரை அடிக்கிற ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. அந்த முத்திரைதான் குழல் எதைத் தாங்கும் என்பதற்குச் சாட்சி. எங்கள் குழலில் இப்போது சாட்சியும் இல்லை, பெயரும் இல்லை.

வன்னியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கையில் இலக்கம் தேய்த்த துவக்கு இருப்பது என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் என்று சார்ஜன்ட் சொல்லத் தொடங்கியபோதே பெரியப்பாவுக்குக் கை நடுங்கியது. துவக்குத் திருத்துகிறவனுக்கும் லைசன் வேண்டும், அது இல்லாதவனிடம் கொடுத்தது எங்கள் பிழை. கடிதம் இல்லாமல் வேறு மாவட்டம் போக விட்டது அடுத்த பிழை. வாக்குமூலம் எழுதினார்கள். பெரியப்பா வாங்கில் இருந்தார். பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. “சண்டைக்குள்ளயும் இந்த நம்பரைக் காப்பாத்தி வைச்சிருந்தனான்” என்று ஒருக்கா மட்டும் சொன்னார். எனக்குச் சொன்னதா சுவருக்குச் சொன்னதா தெரியாது.

பின்னேரம்போல சார்ஜன்டுக்கு என்ன தோன்றியதோ, துவக்கைத் திரும்ப எடுத்தார். குழலுக்குக் கீழே இடக்கை தாங்குகிற முன்மரத்தைக் கழற்றி, அதன் உள்பக்கம் மரத்துக்குள் பதிந்திருக்கிற இரும்பைத் துணியால் துடைத்து டோச் அடித்தார். துருவுக்கும் பழைய எண்ணெய்க்கும் நடுவில் ஐந்து இலக்கம். பிஸ்கட் டின் கடதாசியோடு வைத்துப் பார்த்தார். ஒரே எண். ஆங்கிலேயர் செய்த நல்ல இரட்டைக்குழல்களில் எண்ணை ஒரு இடத்தில் மட்டும் வெட்டமாட்டார்களாம். அந்த மரத்துக்குள் இருக்கும் இரும்பைக் கழற்ற அந்த ஆளுக்குத் தெரியவில்லை, அதனால் தேய்க்கவில்லை. அவரின் வேலை தெரியாத்தனம்தான் எங்களைக் காப்பாற்றியது.

சார்ஜன்ட் குழலையும் சுண்டிப் பார்த்தார். அவருக்கும் அந்தச் சுண்டல் தெரிந்திருந்தது. இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் நடுவில் ஓடுகிற மெல்லிய தகட்டையும் ஈயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள். இந்த ஆள் கறுப்பு ஏற்றுகிறேன் என்று கோஸ்டிக் சோடாக் கரைசலைக் கொதிக்க வைத்து அதற்குள் குழலை அப்படியே இறக்கியிருக்கிறார். ஒற்றைக்குழலுக்கு அது சரிவரும். இரட்டைக்குழலில் கோஸ்டிக் ஈயப் பற்றைத் தின்றுவிடும். பற்று விட்டது மட்டுமில்லை, தகட்டுக்குக் கீழே புகுந்த கரைசல் அங்கேயே நின்று உள்ளால் அரிக்கும். தகட்டின் ஓரத்தில் வெள்ளை மா மாதிரி பூத்திருந்ததை அப்போதுதான் காட்டினார். நாங்கள் அதை மினுக்குகிற பவுடர் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து விட்டிருந்தோம். இப்படியான குழலுக்குப் பழைய முறைதான்: மெல்லிசாகத் துருப்பிடிக்க விட்டு, வெறும் தண்ணீரில் அவித்து, கம்பித் தூரிகையால் வாரி, திரும்பத் துருப்பிடிக்க விட்டு, நாள்கணக்காகச் செய்வது. அதற்குப் பொறுமை வேண்டும். இவருக்கு இருந்தது வான் மட்டும்.

‘எந்தத் தோட்டாவும் அடிக்கலாம்’ என்ற பேச்சைச் சொன்னபோது சார்ஜன்ட் தலையில் கை வைத்தார். பழைய ஆங்கிலத் துவக்குகளில் பலதுக்குத் தோட்டா இருக்கிற அறை இரண்டரை அங்குலம். இப்போது கிடைக்கிற தோட்டா கனக்க இரண்டேமுக்கால். வெடிக்க முதல் வாய் மடிந்து இருப்பதால் அது உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், பொருந்துகிறது என்றே நினைப்பீர்கள். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அமுக்கம் ஏறும். அதோடு, உள்ளே துரு எடுக்கிறேன் என்று ட்ரில்லில் எமரித் தாள் கட்டிச் சுழற்றிக் குழலின் சுவரையும் மெலிய வைத்திருக்கிறார். பட்டி அடைத்த கழுத்து, மெலிந்த குழல், பற்று விட்ட தகடு. பெரியப்பா அந்தச் சுண்டலைச் சுண்டாமல் நேரே பரணுக்குக் கொண்டுபோயிருந்தால்? அதை நான் நினைக்க விரும்பவில்லை.

துவக்கு இப்போது எங்களிடம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போயிருக்கிறது. எண்ணை அச்சடிக்கும்போது மேலே தெரிகிற பள்ளத்துக்குக் கீழேயும் இரும்பு நசிந்திருக்குமாம். மேலால் தேய்த்தாலும் அமிலம் வைத்தால் அந்த நசிவு எண்ணாக எழும்பி வர இடமிருக்கிறது. வந்தால் வாக்குமூலத்துக்குப் பலம்.

இதை வாசிக்கிற யாரிடமாவது லைசன் உள்ள பழைய துவக்கு இருந்தால், இன்றைக்கே கழற்றி எண் இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கோ. மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் இன்னும் நல்லது. திருத்துகிற ஆளின் லைசனை முதலில் கண்ணால் பாருங்கோ, பொலிசுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டுக் கொண்டுபோங்கோ, எண்ணும் முத்திரையும் உள்ள இடத்தில் எமரி படக்கூடாது என்று எழுதி வாங்குங்கோ. உண்மையைச் சொன்னால் எங்களுக்குத் தேவைப்பட்டது மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துணியால் துடைப்பதும், கழுத்துக்கு ஒரு நல்ல ஒட்டும்தான். நான் கேட்டது புதுசு. அவர் தந்ததும் அதுதான். கனடாவில் இருக்கிற என் மச்சான் சட்டப்படி ஒரு பழைய லீ-என்பீல்ட் ரைபிள் வாங்கி வைத்திருக்கிறான். அதன் பிடங்கை வழுவழுப்பாக்கப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டு நின்றவனுக்கும் இதையேதான் சொன்னேன்: மரத்தில் குத்தின முத்திரையும், போல்டிலும் உடம்பிலும் ஒரே எண்ணாக இருப்பதும்தான் அதன் பெறுமதி. அழுக்கை எடு, தோலை உரிக்காதே.

இந்தக் காலபோகத்துக்குப் பெரியப்பா பரணில் தகர டின் கட்டி, கயிறு இழுத்து அடிக்கிறார். பன்றி முதல் இரண்டு நாள் பயந்தது.

முந்தாநாள் அந்த ஆளிடம் இருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. “அண்ணை, மிச்சம் இருபதாயிரம் இன்னும் வரேல்ல. வேலை செய்து தந்தா காசு தரவேணும்தானே. மற்றது, ஐயான்ர துவக்குப் படத்தை என்ர பேஜில போட்டிருக்கிறன், நல்ல லைக் வருது.”