ஹோஸ்டா: சில வருடம் வளர்த்த பிறகு

மரத்தடி நிழலுக்கு ஹோஸ்டா என்ற இலை அழகுச் செடியை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நிழல் தாங்கும், குளிர்காலத்தில் காய்ந்து மறைந்து வசந்தத்தில் மறுபடி முளைக்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். தெரியாதது ஓடில்லா நத்தையின் அட்டகாசம்.

இலை சுருட்டிய குருத்தாக மண்ணை முட்டிக்கொண்டு வரும் சமயம்தான் ஆபத்து. அந்தச் சுருளில் நத்தை ஒரே இடத்தில் துளை போட்டாலும் போதும். இலை விரிந்ததும் வரிசையாக ஓட்டைகள் தெரியும். அது ஆறவும் ஆறாது. குளிர்காலம் வரும்வரை அந்தச் சல்லடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு வருடமும் வயிறு எரிகிறது.

நத்தையைத் தடுக்கச் செடியைச் சுற்றி முட்டை ஓடு, செம்புப் பட்டை என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி 2018இல் லெட்டூஸ் கீரையில் இவற்றைச் சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்றே சொன்னது. என் தோட்டத்திலும் அதே கதைதான். ராத்திரி டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதும், நத்தையைக் கொல்லும் இரும்பு பாஸ்பேட் குருணையைச் சீக்கிரமே தூவுவதும்தான் ஓரளவு உதவுகின்றன.

நியாயமாகப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் மற்ற செடிகள் எவ்வளவோ மேல். எபிமீடியம் மரவேர் நிறைந்த வறண்ட மண்ணிலும் தாக்குப்பிடிக்கிறது. ஹெல்லிபோர் குளிர்காலக் கடைசியிலேயே பூத்துவிடும். இதழ் போலத் தெரிபவை உண்மையில் புல்லி இதழ்கள் என்பதால் சீக்கிரம் உதிராமல், பச்சை பாரித்து மாதக்கணக்கில் நிற்கும். இரண்டும் எனக்கு ஒரு தொல்லையும் தந்ததில்லை.

ஆனால் ஹோஸ்டாவில் ஹால்சியன் ரகத்தின் நீல இலையை ஒருமுறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேலே படிந்திருக்கும் மெழுகுதான் அந்த நீலம். விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பச்சையாகிவிடும். கடும் வெயில் பட்டாலும் மெழுகு போய்விடும் என்பதால் நிழலில்தான் அந்த நிறம் நிலைக்கும். மழை விட்டதும் அந்த இலைமேல் நீர்த்துளிகள் ஒட்டாமல் உருளும். அப்போது நத்தை மேல் இருந்த கோபமெல்லாம் போய்விடுகிறது.

அதனால் ஹோஸ்டாவையே வாங்குங்கள். மெல்லிய இலை ரகம் மட்டும் வேண்டாம். ஹால்சியன், சம் அண்ட் சப்ஸ்டன்ஸ் மாதிரி தடித்த இலை ரகங்களை நத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. அப்புறம், குருத்து கண்ணில் பட்ட அன்றே குருணையைத் தூவிவிடுங்கள்.